ஏர்பேக் விளக்கும் ‘வோல்டேஜ் குறைவு’ என்ற பழுதுக் கோடும்: பழுதைத் தேடும் வழி

டாஷ்போர்டில், மடியில் பலூனோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன சிவப்பு மனிதன் அணையவில்லை. ஸ்கேனர் போட்டால் ‘பேட்டரி வோல்டேஜ் குறைவு’ என்று ஒற்றைக் கோட் (code, பழுதைக் குறிக்கும் எண்). வண்டியோ ஒரே செல்ஃபில் எடுக்கிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் 12.5 காட்டுகிறது. ‘அப்போ ஏர்பேக் ஈசியூதான் போயிடுச்சு’ என்று பல பட்டறைகளில் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். ஆயிரக்கணக்கில் செலவழித்து அந்த ஈசியூவை, அதாவது ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை, மாற்றிய பிறகும் விளக்கு திரும்பி வரும். பெட்டி தனக்கு வந்துசேரும் வோல்டேஜைச் சொல்கிறது. மீட்டர் பேட்டரியில் இருப்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் அல்லது ரிலே, சில கப்ளர்கள் (வயர்களை இணைக்கும் செருகிகள்), ஒன்றிரண்டு எர்த் போல்ட் எல்லாம் இருக்கின்றன. பழுது பெரும்பாலும் அந்த வழியில்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதனால் விலை குறைந்த சின்ன கார்களிலும் இந்தப் பெட்டி உண்டு. அப்போது வாங்கிய வண்டிகளில் பல இப்போது இரண்டாவது பேட்டரியில் ஓடுகின்றன. டெர்மினலில் களிம்பு, எர்த் போல்ட்டில் துரு, கழற்றிய மியூசிக் சிஸ்டத்தின் மிச்ச வயர் எல்லாம் சேர்கிற வயது இது.

எந்தக் ‘குறைவு’?

ஏர்பேக் கோடுகளில் ‘குறைவு’ என்ற சொல் வெவ்வேறு பொருளில் வருகிறது. அதைப் பிரிக்காமல் பானெட்டைத் திறந்தால் பாதி நாள் வீண்.

முதல் வகை, பெட்டிக்கு வரும் சப்ளை குறைவது. ஹூண்டாய், கியா வண்டிகளில் பி1102 (ஆங்கிலத்தில் B1102; இங்கே வரும் எல்லா ‘பி’யும் B-தான்) என்றால் இதுதான். அதற்கு நேர் எதிரான ‘வோல்டேஜ் அதிகம்’ பி1101. பழைய ஃபோர்டு வண்டிகளில் பி1318, புதியவற்றில் யு3003-16. கடைசியில் ஒட்டியிருக்கும் 16 என்ற எண்ணுக்கு, வோல்டேஜ் கீழ் எல்லைக்குக் கீழே போனது என்று பொருள். 17 வந்தால் மேல் எல்லையைத் தாண்டியது. டொயோட்டாவின் கதை வேறு. அதன் பல மாடல்களில் சப்ளை குறைந்தால் விளக்கு மட்டும் எரியும், கோட் எதுவும் பதியாது. வோல்டேஜ் சரியானதும் தானாக அணைந்துவிடும். ‘லைட் எரியுது, ஸ்கேனர்ல ஒண்ணுமே இல்ல’ என்று அந்த வண்டி வந்தால் முதலில் பேட்டரியைப் பார்ப்பதே சரி.

இரண்டாவது வகை, ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் ஸ்குவிப் என்ற பொறியின் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் குறைவது, அல்லது அந்த வயர் எர்த்தில் தட்டுவது. ஹூண்டாயில் ஓட்டுநர் ஏர்பேக்குக்கு பி1346 ரெசிஸ்டன்ஸ் அதிகம், பி1347 ரெசிஸ்டன்ஸ் குறைவு, பி1348 எர்த்தில் ஷார்ட். இவை ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் சுற்றினாலும் இணைப்பு அறாமல் காக்கும் சுருள் வயர்), சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர் ஆகியவற்றின் நோய்கள். பேட்டரியை மாற்றி இவற்றைத் தீர்க்க முடியாது. கிளாக் ஸ்பிரிங்கை மாற்றி பி1102-ஐத் தீர்க்கவும் முடியாது.

இரண்டு வகையும் சேர்ந்து பதிந்திருந்தால் சப்ளையை முதலில் சரி செய்யுங்கள். வோல்டேஜ் தாழ்ந்திருக்கும்போது ஸ்குவிப் ரெசிஸ்டன்ஸை நம்பகமாக அளக்க முடியாது. அதனால் பல பெட்டிகள் அந்த நேரத்தில் மற்ற சோதனைகளையே நிறுத்திவிடும். சப்ளை சரியான பிறகு எது மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதே முறை.

பெட்டி ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறது?

ஒரு ஸ்குவிப்பின் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 2 ஓம். அதை நிச்சயமாக வெடிக்க வைக்க 1.2 ஆம்பியர் கரண்ட் 2 மில்லிசெகண்ட் ஓடவேண்டும், அல்லது 1.75 ஆம்பியர் அரை மில்லிசெகண்ட். இது சின்னக் கரண்ட்தான். ஆனால் மோதலின் முதல் அடியிலேயே முன்பக்கத்தில் இருக்கும் பேட்டரி நசுங்கி சப்ளை அறுந்துபோகலாம். அதனால் பெட்டிக்குள் ஒரு பூஸ்ட் சர்க்யூட் இருக்கும். அது 12 வோல்ட்டை 20, 30 வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பெரிய கெப்பாசிட்டர்களில் சேமித்து வைக்கும். பேட்டரி போன பிறகும் அந்தச் சேமிப்பில் ஏர்பேக் வெடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றியதும் உடனே வேலையில் இறங்கக்கூடாது என்பதற்குக் காரணமும் அதே சேமிப்புதான். டொயோட்டா குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது, ஹோண்டா 3 நிமிடம். எந்த வண்டியானாலும் அதன் மேனுவல் சொல்வதே கணக்கு. தெரியாவிட்டால் 3 நிமிடத்துக்குக் குறையவேண்டாம்.

பெரும்பாலான பெட்டிகளுக்கு வேலை செய்யும் எல்லை 9 முதல் 16 வோல்ட். சப்ளை 9-ஐ ஒட்டிக் கீழே இறங்கி, நிர்ணயித்த நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றால் கோட் பதியும். செல்ஃப் எடுக்கும் நொடியில் வரும் சின்னச் சரிவைப் பெட்டி பொறுத்துக்கொள்ளும். சாகக் கிடக்கும் பேட்டரியில் செல்ஃபை நீளமாக அடித்தால் பொறுக்காது.

ஒரு சின்னக் கணக்கு

பழுது எங்கே என்பதை இந்தக் கணக்கே பாதி சொல்லிவிடும். ஏர்பேக் ஈசியூ இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. உதாரணத்துக்கு 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அதன் தனி வயரில் 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்தாலும் இழப்பு 0.3 வோல்ட்தான், 12.5 என்பது 12.2 ஆகும், கோட் வராது. 9-க்குக் கீழே இறக்க அந்தத் தனி வழியில் 10 ஓமுக்கு மேல் வேண்டும். அதாவது வயர் கிட்டத்தட்ட அறுந்திருக்கவேண்டும், அல்லது கப்ளர் பின் முழுக்கக் களிம்பேறியிருக்கவேண்டும்.

இப்போது பொதுவான எர்த் வழியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர்; அது எஞ்சினில் மாட்டியிருக்கிறது. ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றின் கரண்ட்டும் பாடி வழியாகத் திரும்பி, பாடியையும் எஞ்சினையும் பேட்டரி மைனஸையும் இணைக்கும் எர்த் பட்டைகளைக் கடந்துதான் போகவேண்டும். அந்தப் பட்டையில் வெறும் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ். கரண்ட் 40 ஆம்பியர். இழப்பு 4 வோல்ட்! பேட்டரியில் 14 நிற்கும், பாடியில் எர்த் எடுக்கும் பெட்டிக்கோ 10தான் வரும். மீட்டரை பேட்டரியில் வைத்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

ஆகவே தனக்கென்று 0.3 ஆம்பியர் குடிக்கும் பெட்டி, பக்கத்தில் 40 ஆம்பியர் குடிப்பவர்களோடு ஒரே குழாயைப் பகிர்வதால்தான் பல நேரம் தவிக்கிறது. புளோயரைப் போட்டால் மட்டும் விளக்கு எரிகிறது, இரவில் மட்டும் எரிகிறது என்று வண்டிக்காரர் சொன்னால் அந்தப் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள். ஸ்கேனரைவிட அது சீக்கிரம் இடத்தைக் காட்டும்.

கழற்றாமல் பார்க்கக்கூடியவை

முதலில் எந்தக் கோடையும் அழிக்காதீர்கள். ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், பாடி கண்ட்ரோல் என்று எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்து குறித்துக்கொள்ளுங்கள். ஏர்பேக்கோடு மற்றவையும் ‘வோல்டேஜ் குறைவு’ என்று அழுதால் பேட்டரி, ஆல்டர்னேட்டர், பொது எர்த். ஏர்பேக் மட்டும் அழுதால் அதன் ஃபியூஸ், இக்னிஷன் ஃபீடு, தனி எர்த். கோட் இப்போது இருக்கிறதா, பழையதாகப் பதிந்து கிடக்கிறதா என்பதும் முக்கியம். பேட்டரி டவுனாகி ஜம்ப் ஸ்டார்ட் செய்த வண்டியில் பழைய கோட் கிடப்பது சகஜம், அழித்தால் திரும்பாது. கைபேசியில் ஓடும் மலிவான ஓபிடி கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். அதில் ஒன்றும் இல்லை என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்து பேட்டரி. வண்டியை அணைத்துச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பின் 12.6 என்றால் நிறைந்தது, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. ஓய்வில் 12.5 காட்டிவிட்டு லோடில் சரியும் பேட்டரிகள் நிறைய, அதனால் லோட் டெஸ்ட் தேவை. பேட்டரியில் எழுதியிருக்கும் சிசிஏ எண்ணில் (குளிரிலும் செல்ஃப் அடிக்கத் தரக்கூடிய கரண்ட்) பாதி அளவு கரண்ட்டை 15 விநாடி இழுத்தால், சுமார் 21 டிகிரி வெப்பத்தில் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. லோட் டெஸ்டர் இல்லாவிட்டால் மீட்டரை குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் நிலையில் போட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். திரையில் ஓடும் எண்ணைக் கண்ணால் பிடிக்க நினைப்பது வீண். சரிவு அதற்குள் முடிந்திருக்கும்.

எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை வரவேண்டும். 2000 ஆர்பிஎம்மில் ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு அளக்கவும். பேட்டரி மைனஸில் சென்சார் மாட்டிய புதிய வண்டிகளில் ஈசிஎம் (எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி) வேண்டுமென்றே சார்ஜிங்கைக் குறைத்து 12.5 அளவில் வைத்திருக்கும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள், லோடு ஏற்றினால் மேலே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளந்தால் 0.5-க்கு மேல் வரக்கூடாது. வந்தால் ஆல்டர்னேட்டரில் டயோடு போயிருக்கிறது.

இதற்குப் பிறகு வருவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் மதிக்கும் சோதனை. பலரும் தாண்டிப்போவதும் இதையே. ஸ்கேனரில் ஏர்பேக் பெட்டியின் லைவ் டேட்டாவைத் திறந்து, அது சொல்லும் பேட்டரி வோல்டேஜைத் திரையில் வையுங்கள். அதே நேரம் மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈயத் தூண்களில் வையுங்கள், கிளாம்ப்பில் வேண்டாம். மீட்டர் 12.4, திரை 12.2 என்றால் வழி நன்றாக இருக்கிறது. இப்போது ஹெட்லைட், புளோயர், ஹசார்டு விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். மீட்டர் 12.0-க்கு இறங்க, திரை 10.6-க்கு இறங்கினால் அந்த 1.4 வோல்ட் வழியில் தொலைகிறது. வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினாலே தேட ஆரம்பிக்கலாம். சாவியை லேசாக ஆட்டும்போது திரையில் எண் துள்ளினால் இக்னிஷன் சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் இக்னிஷன் ரிலேயைச் சந்தேகப்படுங்கள்.

தொலைந்தது பிளஸிலா, எர்த்திலா? லோடு ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் தூணிலும், மறு முனையை ஈசியூவுக்கு அருகே பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் வையுங்கள். 0.1-க்குள் இருந்தால் எர்த்தை விட்டுவிடலாம். 1.2 காட்டினால் போல்ட், எர்த் பட்டை, கிளாம்ப் என்று ஒவ்வொரு இணைப்பாகப் பாடியிலிருக்கும் முனையை பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள்; எண் பொத்தென்று விழும் இடத்துக்கு முந்தைய இணைப்புதான் குற்றவாளி. பிளஸ் பக்கமும் அப்படியே: பேட்டரி பிளஸ் தூணிலிருந்து ஏர்பேக் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கும் தனித்தனியாக அளக்கவும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் நல்லது, மற்றதில் மோசம் என்றால் ஃபியூஸ் உள்ளே விரிசல். இரண்டிலும் மோசம் என்றால் பழுது அதற்கும் முன்னால். இரண்டும் நல்லது, ஆனால் பெட்டிக்கு வரவில்லை என்றால் ஃபியூஸுக்குக் கீழே பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கலாம், அல்லது வயரில் பழுது. சில வண்டிகளில் ஏர்பேக்குக்கு இரண்டு ஃபியூஸ் உண்டு, ஒன்று பெட்டிக்கு, இன்னொன்று டாஷ்போர்டில் எரியும் விளக்குக்கு. எதை அளக்கிறோம் என்று ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் பார்த்துக்கொள்ளவும்.

கப்ளரைக் கழற்ற வேண்டி வந்தால்

இக்னிஷன் ஆஃப். பேட்டரி மைனஸைக் கழற்றி, திரும்பத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கவும். காத்திருக்கவும். பின் மேனுவல் சொல்லும் வரிசையில் ஸ்டீயரிங், பாசெஞ்சர், சீட் ஏர்பேக், சீட் பெல்ட் டென்ஷனர் கப்ளர்களைக் கழற்றிவிட்டு, கடைசியாக சென்டர் கன்சோலுக்கு அடியில் இருக்கும் ஈசியூ கப்ளரை எடுக்கவும். இப்போது மைனஸை மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, சப்ளை பின்னில் அளக்கலாம்.

வெறும் மீட்டர் இங்கே ஏமாற்றும். டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12.4 என்றே காட்டும். லோடு கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். பின்பக்க இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்று போதும். 12 வோல்ட்டில் அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அதை எரியவிட்டு, எரியும்போதே மீட்டரில் அளக்கவும். வெளிச்சமும் பளிச்சென்று, வோல்டேஜும் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்குள் என்றால் வயரிங் சுத்தம். மங்கினால் கை வைத்த இடம் சரி.

ஒன்றைக் கவனியுங்கள்: அந்த பல்பு இழுக்கும் 1.75 ஆம்பியரும், ஸ்குவிப்பை அரை மில்லிசெகண்டில் வெடிக்க வைக்கும் 1.75 ஆம்பியரும் ஒரே எண். எந்த பின் சப்ளை, எந்த பின் ஸ்குவிப் என்று வயரிங் படத்தைப் பார்க்காமல் டெஸ்ட் லேம்ப்பைக் கையில் எடுக்கவே கூடாது. ஸ்குவிப் வயரில் மல்டிமீட்டரின் ஓம் சோதனையும் கூடாது. அந்த வேலைக்கு ஏர்பேக்குக்குப் பதிலாக மாட்டும் போலி லோடுதான் பயன்படுத்தவேண்டும்.

மீட்டரின் தடித்த முனையை கப்ளர் பின்னுக்குள் திணிப்பது இன்னொரு தொல்லை. பின் விரிந்துபோகும். பழைய கோட் தீர்ந்து, ஒரு மாதத்தில் லூஸ் காண்டாக்ட் என்று புதிய கோட் பிறக்கும். பின் அளவுக்குப் பொருந்தும் மெல்லிய முனையே வேண்டும்.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள்

டெர்மினல் கிளாம்ப்பின் உள்பக்கம் வெளியே தெரியாது. மேலே வாசலின் பூசிப் பளபளப்பாக இருந்தாலும் கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிறப் படலம் இருக்கும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து டேஷ் கேமராவுக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் ஃபியூஸ் காலில் வயரைச் சுற்றிச் செருகி சப்ளை எடுப்பவர்கள் உண்டு. செருகியதில் கிளிப் அகன்றுவிடும், கேமராவைக் கழற்றிய பிறகும் அது இறுகாது. டிங்கரிங், பெயின்ட் வேலை முடிந்து வந்த வண்டியில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எலி கடித்த வயர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெள்ளம் புகுந்த வண்டி தனி வகை. ஏர்பேக் ஈசியூ காரின் நடுத்தரையில், கார்ப்பெட் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் சீட் மட்டம் வரை நீர் நின்ற கார்களில் இந்தப் பெட்டியும் முழுகியிருக்கும். கார்ப்பெட் காய்ந்து மாதங்கள் ஆன பிறகு கப்ளர் பின்னில் பச்சை பூத்துத் தனி வழியில் ரெசிஸ்டன்ஸ் ஏறும். மேலே சொன்ன 10 ஓம் கணக்கு நிஜமாவது இப்படிப்பட்ட வண்டியில்தான். அங்கே கப்ளரைச் சுத்தம் செய்து பெட்டியைத் திரும்ப மாட்டுவது சிக்கனமே ஆகாது; நீர் கண்ட ஈசியூவை மாற்றித்தான் ஆகவேண்டும்.

மற்ற வண்டிகளில் ஈசியூ மாற்றுவது கடைசி வரிசை. சப்ளையும் எர்த்தும் லோடில் சரியாக இருந்து, லைவ் டேட்டா மட்டும் தாழ்த்திக் காட்டினால், அல்லது ஹூண்டாயின் பி1620 போல உள் பழுது என்று பெட்டியே ஒப்புக்கொண்டால் மாற்றலாம். அந்த வண்டியின் ஏர்பேக் எண்ணிக்கைக்கு ஏற்ற பார்ட் நம்பரும் கோடிங்கும் தேவை. வேறு வேரியண்ட்டின் பழைய பெட்டியை மாட்டினால் விளக்கு எரிந்தபடியே இருக்கும். மாட்டும்போது அதன் போல்ட்களை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கும் விசையின் அளவு) முறுக்கவும். மோதலை உணரும் சென்சார் அதற்குள்ளேயே இருக்கிறது. பெட்டி தரையோடு அசையாமல் இறுகினால்தான் அதிர்வு சரியாகப் போய்ச்சேரும்.

எல்லாம் மாட்டிய பின் முதல் தடவை இக்னிஷன் போடும்போது வண்டிக்குள் யாரும் உட்காரவேண்டாம்; ஏர்பேக்கின் எதிரே முகமும் வேண்டாம், கதவுப் பக்கமாக நின்று சாவியைத் திருப்புங்கள். விளக்கு சுமார் 6 விநாடி எரிந்து அணையவேண்டும். கோடுகளை அழித்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு லைவ் டேட்டா வித்தியாசத்தை மறுபடி அளந்து ஜாப் கார்டில் எழுதுங்கள். முடிந்தால் வண்டியை ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து, காலையில் முதல் செல்ஃப் அடித்ததும் இன்னொரு முறை ஸ்கேன் போட்டுவிட்டுக் கொடுங்கள்.